ஏழாவது பாயிண்ட்

என்னிடம் ஒரு ஹெல்மெட் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் இல்லாமல் மண்டை உடைந்தவனுக்குக் கிடைக்கிற அனுதாபத்தை நான் திருட்டுத்தனமாக அனுபவிக்க விரும்பவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, குரோம்பேட்டை மார்க்கெட்டிலிருந்து பீர்க்கன்கரணைக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். கொண்டுபோன பையின் அடி கிழிந்துவிட்டதால், ஒன்றரைக் கிலோ தக்காளியை ஹெல்மெட்டுக்குள் போட்டு முன்கொக்கியில் மாட்டியிருந்தேன். சானடோரியம் தாண்டியதும் ஓர் எருமை குறுக்கே வந்தது. எருமையே இல்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, நான் விழுந்தேன். பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். தக்காளியில் ஒன்றுகூட நசுங்கவில்லை. வீணாகக் கூடாதென்று பக்கத்து வீட்டில் அதை ரசம் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது இடது கால், கூட வர விருப்பமில்லாத விருந்தாளி மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. இடது கை இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. அரசாங்க ஊழியனின் கைதானே என்று யாரும் முதலில் கவனிக்கவில்லை. இவற்றைவிட விசித்திரம், உலகத்தின் இடது பாதியே எனக்குக் காணாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை. மூளைக்குத்தான் அந்தப் பக்கத்தில் அக்கறை விட்டுப்போயிற்று. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பேன். மனைவி தட்டைத் திருப்பி வைப்பாள். "அட, இருக்கே" என்று மீதியைத் தின்பேன்.

டாக்டர் ஒரே வார்த்தைதான் சொல்லி அனுப்பியிருந்தார்: "ரெஸ்ட்." குடும்பம் அதை வேதமாக எடுத்துக்கொண்டது. குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், தலை வாரினார்கள், கொசு விரட்டினார்கள். சாத்துக்குடியோடு வந்தவர்கள் என் காலடியில் உட்கார்ந்து, நான் இல்லாதது போல என்னைப் பற்றிப் பேசினார்கள். எல்லோரும் சொன்ன வார்த்தை "பாவம்". ஒரே மாதத்தில் நான் மூலவர் விக்கிரகம் மாதிரி ஆகிவிட்டேன். உண்மையைச் சொன்னால், பிடித்துத்தான் இருந்தது.

அப்போதுதான் டீச்சர் வந்தார்.

தெருக்கோடி வீடு. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும். பால் பேட்மிண்டனில் மாவட்ட அணிக்கு ஆடியவர். தெரியாதவர்களுக்கு: மஞ்சள் கம்பளி நூல் உருண்டையை மட்டையால், தரையில் விழவிடாமல், வலைக்கு மேலே அடிக்கிற ஆட்டம் அது. பந்து பஞ்சு போலத்தான் இருக்கும். அடிப்பவர் டீச்சராக இருந்தால் கல் போலப் படும்.

அவர் எப்போதும் கோபமாகவே இருந்தார். அதில் ஒரு விசேஷம், கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "சார்" என்றால் சாதாரணம். "ஐயா" என்றால் கவனம் தேவை. "பெரியவரே" என்றால் ஓடிவிட வேண்டும். அன்றைக்கு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். மனைவி எனக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வலது கைக்கு என்னம்மா ஆச்சு?"

"வலது கை நல்லாத்தான் இருக்கு டீச்சர். இடதுதான்..."

"அப்ப ஏன் ஊட்டறீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். என் வாயில் இட்லி. டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் பந்தை எடுத்து, என் இடது பக்கமாக நடந்து போய், எறிந்தார். அது என் கன்னத்தில் பட்ட பிறகுதான் எனக்குக் கன்னம் இருப்பதே தெரிந்தது.

"பாத்தீங்களா? இந்தப் பக்கம் வீடு பூட்டிக் கெடக்கு. இவர் உள்ள இல்ல. நீங்க அவரை வலது பக்கமே உக்கார வச்சு சோறு போட்டா, ஆயுசுக்கும் திரும்ப மாட்டார்." பிறகு என்னிடம்: "காலையில ஆறு மணிக்குக் கிரவுண்டுக்கு வாங்க ஐயா. நடந்து வாங்க."

கிரவுண்டு என்பது ஏரிக்கரைப் பக்கம் ப்ளாட் போட்டு விற்காமல் கிடந்த இரண்டு மனை. எல்லைக் கற்களுக்கு நடுவில் சுண்ணாம்புக் கோடு. இரண்டு சவுக்குக் கழி, ஒரு வலை. அங்கே என்னைப் போல இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். போஸ்டிலிருந்து விழுந்த ஒரு லைன்மேன் பம்மலிலிருந்து பஸ் பிடித்து வருவார். அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்காது. சாரம் சரிந்து விழுந்த ஒரு கொத்தனார். அவருக்கு நிலை நிற்காது. அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு தையல்காரர். லாரி மோதியதிலிருந்து கை நடுங்கும். ஆஸ்பத்திரிகள் பிழைக்க வைத்து, பிழைத்த பிறகு என்ன செய்வது என்று சொல்லாமல் அனுப்பிய சரக்குகள் நாங்கள்.

முதல் நாளே நான் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். நிறையப் படிக்கிறவனுக்கு இருக்கிற வியாதி அது.

"இது ஒரு வகை வைத்தியமா டீச்சர்?"

"வைத்தியம்னு சொன்னா நீங்க படுத்துக்குவீங்க. ஆட்டம். ஆடுங்க."

"ஆஸ்பத்திரியில கையைப் பத்து தடவை தூக்கச் சொன்னாங்க..."

"தூக்குனீங்களா?"

மூன்றோடு நிறுத்திக்கொண்டு பத்து என்று சொல்லிவந்ததை ஒப்புக்கொண்டேன்.

"'தூக்கு'ன்னு சொன்னா மூளை தூங்கிடும் சார். பந்து வந்தா அது முழிச்சுத்தான் ஆகணும். பந்து உங்களைப் பாத்து 'ரெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லாது."

எனக்கு வந்த பந்தெல்லாம் இடது பக்கமே வந்தது. லைன்மேனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து வரும். "இன்னா டீச்சர், நம்ம சைடு எது?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். டீச்சர் பதில் சொல்ல மாட்டார். "கோட்டைப் பாருங்க. சுண்ணாம்பு எதுக்குப் போட்டிருக்கு?" என்பார். இரண்டு மாதம் கழித்து லைன்மேன் கேட்பதை நிறுத்தி, குனிந்து கோட்டைப் பார்க்கத் தொடங்கினார். டீச்சர் அதற்கும் கோபப்பட்டார்: "இத மொத நாளே செய்யறதுக்கென்ன?"

கோர்ட்டுக்குள் "பாவம்" என்ற சொல்லுக்குத் தடை. சொன்னவர் எல்லைக் கல்லைச் சுற்றி மூன்று சுற்று வர வேண்டும். ஒரு தடவை டீச்சர் போகிற சர்ச்சிலிருந்து பார்க்க வந்த போதகரே வாய் தவறிச் சொல்லிவிட்டு, வெள்ளை அங்கியோடு மூன்று சுற்று நடந்தார். அவர் போன பிறகு டீச்சர் கைகூப்பி வானத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டாரா, புகார் செய்தாரா என்று தெரியவில்லை.

கோர்ட்டின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் அம்பயர்.

அவர் ரயில்வேயில் இருந்தவர், நல்ல ஆட்டக்காரர். மின்சார ரயிலின் படிக்கட்டில் நின்று வந்தபோது கம்பத்தில் தலை மோதியது. உயிர் மிஞ்சியது, பேச்சுப் போயிற்று. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராது, மனைவி பெயர் வராது. எண்கள் மட்டும் வரும். அதிலும் நேராக எட்டு என்று சொல்ல வராது. ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக எட்டுக்கு வந்து சேர வேண்டும். மனப்பாடமாகப் பதிந்தவை மூளையில் வேறு மூலையில் இருப்பதால் தப்பித்துவிடும், பாட்டு, வாய்ப்பாடு, வசவு இதெல்லாம் அப்படித்தான் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அவருக்கு வசவு தப்பவில்லை. அந்த வீட்டில் அதற்கு வேறு ஆள் இருந்ததால் குறை தெரியவில்லை.

ஆக, ஒவ்வொரு பாயிண்டுக்கும் அவர் ஒன்றிலிருந்து எண்ணுவார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று ஒவ்வொரு எண்ணையும் தோண்டி எடுத்துத் துடைத்து வைப்பது போல. முடிக்கும் வரை யாரும் சர்வீஸ் போடக் கூடாது. ஆட்டம் இருபதைத் தாண்டிவிட்டால், அடிக்கிற நேரத்தைவிட எண்ணுகிற நேரம்தான் அதிகம்.

ஒருநாள் எட்டில் அவர் தயங்கியபோது, நல்ல மனதோடு நான் எடுத்துக்கொடுத்தேன்: "ஒம்போது!"

டீச்சர் மட்டையைக் கீழே வைத்தார். "ஐயா. உங்களைக் கேட்டாரா?"

"இல்ல, உதவியா..."

"நாலு வருஷம் தோண்டி அவர் எடுத்தது ஒம்போது. நீங்க வந்து தட்டிப் பறிச்சுட்டு உதவிங்கறீங்க. அவர் திரும்ப ஒண்ணுலேர்ந்து வரட்டும். நில்லுங்க."

நின்றோம். அவர் ஒன்றிலிருந்து வந்தார். ஒன்பதைத் தொட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. இடது காது என்பது கூடுதல் தகவல்.

டீச்சர் காதில் விழாமல் நாங்களும் அவரைத் திட்டியிருக்கிறோம். அவர் வீட்டு வாசலில் நானே பார்த்த காட்சி இது: பள்ளிக்கு நேரமாகிவிட்டது, கணவர் சட்டைப் பட்டனோடு போராடிக்கொண்டிருக்கிறார், டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இருபது நிமிஷம். விரல் பட்டனைத் தேடுகிறது, பட்டன் நழுவுகிறது. உதவி செய்யாமல் நிற்பது எவ்வளவு கொடூரமான வேலை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "கல்நெஞ்சுக்காரி" என்றாள் என் மனைவி. நானும் தலையாட்டினேன். மறுநாள் கோர்ட்டில் தைரியமாகக் கேட்டும் விட்டேன்.

டீச்சர் வலையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "மொத நாலு மாசம் நான்தான் சார் பட்டன் போட்டேன். சோறு ஊட்டுனேன். அழாம, முகம் சுளிக்காம, எல்லாரும் மெச்சற மாதிரி. நாலு மாசத்துல அவருக்குக் கை இருக்கறதே மறந்துபோச்சு. அதைச் செஞ்சது ரயிலா? நான்." முடிச்சை ஒரு இழு இழுத்தார். கழியே சாய்ந்தது. "போங்க. உங்க எடத்துல நில்லுங்க."

அப்புறம் நான் அவரிடம் கோபத்தின் காரணம் கேட்கவில்லை.

விபத்து நடந்து ஏறத்தாழ ஒரு வருஷம் ஆனபோது என் வேலைக்கு ஆபத்து வந்தது. லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. நான் பணிக்கு லாயக்கா இல்லையா என்று சூப்பரிண்டெண்ட் நேரில் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். லாயக்கில்லை என்றால் மருத்துவக் குழு, அதற்கப்புறம் வீடு. என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, இதில் ஒரு வருத்தமும் இல்லை.

"நல்லதுக்குத்தான் மாமா. நீங்க மெடிக்கல்ல வெளிய வந்தா அக்காவுக்கு அந்த வேலைய போட்டுக் குடுப்பாங்க. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்தானே? நீங்க ராஜா மாதிரி வீட்ல படுத்துக்கலாம். சூப்பரிண்டெண்ட் வரும்போது கொஞ்சம் காலை ஜாஸ்தியா இழுங்க, போதும்."

அவன் கெட்டவன் இல்லை. அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மனிதனை உயிரோடு பாயில் சுருட்டி மூலையில் சாத்தி வைக்கிற அன்பு. அவன் என்னைவிட உடம்பில் சின்னவனாக இருந்து, நான் நிலையாக நிற்கக்கூடியவனாகவும் இருந்திருந்தால், ஓர் அறை விட்டிருப்பேன்.

ஆனால் அந்த ஆத்திரத்தில் நான் செய்தது அதைவிடக் கேவலம். காலனி நலச் சங்கச் செயலாளர் சுதந்திர தினத்தன்று ஒரு சிநேக ஆட்டம் ஏற்பாடு செய்திருந்தார். காலனி இளைஞர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மைக், மிட்டாய் எல்லாம் உண்டு. சூப்பரிண்டெண்டை அதற்கு அழைத்தேன். பிறகு செயலாளர் வீட்டுக்கு நடந்து போய், அவர் காதோடு காதாக, "நம்ம பையன்களைக் கொஞ்சம் பாத்து ஆடச் சொல்லுங்க சார். என் பொழப்பு இருக்கு" என்றேன்.

செயலாளர் உருகிவிட்டார். "நீங்க சொல்லணுமா? நாங்களே அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம். பாவம், உங்களைப் போய் ஜெயிப்பாங்களா!"

கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஐந்தாவது ஆளாக டீச்சர். தன் கட்டத்துக்கு வராத பந்தை அவர் தொட மாட்டார். எதிர்ப்பக்கத்து இளைஞர்கள் அன்றைக்கு நடிப்பில் பரிசு வாங்கியிருக்க வேண்டும். பந்தைத் தேடித் தேடித் தவறவிட்டார்கள். ஊர் கைதட்டியது. அம்பயர் எண்ணினார். இரண்டுக்கு ஆறு என்று நாங்கள் முன்னே போனோம். நான் சூப்பரிண்டெண்ட் பக்கம் திரும்பி லேசாகக் குனிந்துகூட வைத்தேன்.

"இன்னா சார், நம்ம கெலிச்சுகினு கீறோம்!" என்றார் லைன்மேன், நம்ப முடியாமல்.

அடுத்த பந்து எதிர்ப்பக்கத்தில் ஒரு இளைஞனின் மட்டைக்கு நேராகப் போயிற்று. அவன் மட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "ஐயோ, மிஸ்ஸு!" என்றான். கைதட்டல்.

அம்பயர் ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு." நிறுத்தினார்.

காத்திருந்தோம். மறுபடி ஒன்றிலிருந்து வந்தார். ஆறு. நிறுத்தம்.

"பாவம், மறந்துட்டார்" என்று கூட்டத்தில் ஒரு குரல். செயலாளர் மைக்கில் உற்சாகமாக, "ஏழு!" என்றார்.

டீச்சர் நடந்து போய் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் மூன்றாம் தடவையாக ஒன்றிலிருந்து ஆறு வரை வந்து, வாயை இறுக்க மூடிக்கொண்டார். இல்லை என்று சொல்ல வார்த்தை கிடைக்காத மனிதர், சொல்லாமல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவர் மறக்கல" என்றார் டீச்சர். "ஏழாவது நடக்கவே இல்ல." பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, "யாரு தம்பி சொன்னது?"

இளைஞன் செயலாளரைப் பார்த்தான். செயலாளர் என்னைப் பார்த்தார். டீச்சர் எனக்கு வாய் திறக்க அவகாசமே கொடுக்கவில்லை.

"பெரியவரே."

எனக்கும் கோபம் வந்தது. வெட்கத்தில் வருகிற கோபத்துக்கு வேகம் அதிகம். "என் வேலை போகுது டீச்சர்! உங்களுக்கு ஒரு பாயிண்டுதான் பெரிசா?"

"உங்க வேலை உங்களோடது. அதை நீங்க எப்படி வேணா காப்பாத்திக்குங்க. அவருக்கு இருக்கறது அந்த எண்ணு மட்டுந்தான். அதுல போய்ப் பொய்யக் கலந்துட்டீங்களே."

அம்பயர் இரண்டு கை முஷ்டியையும் மூடி உயர்த்திக் காட்டினார். பூஜ்யத்துக்கு பூஜ்யம். முதலிலிருந்து.

"ஸ்டார்ட் பண்லாமா டீச்சர்?" என்றார் லைன்மேன். நடந்த எதுவும் அவர் நினைவில் இல்லை. எங்கள் அணியில் தெம்பாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"தம்பிங்களா, ஒழுங்கா ஆடுங்க. யாராவது எங்களுக்கு விட்டுக்குடுத்தா, நாளைக்கு அவன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

ஒழுங்காக ஆடினார்கள். பயந்துபோய், கொஞ்சம் கூடுதல் ஒழுங்காகவே. கொத்தனார் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் தானே எழுந்தார். யாரும் தூக்கப் போகவில்லை, தூக்கப் போனால் என்ன ஆகுமென்று ஊருக்கே தெரிந்திருந்தது. தையல்காரர் ஒன்று எடுத்தார். டீச்சர் மூன்று. இருபத்தொன்பது எடுத்தவர் ஜெயித்தவர்; இருபத்தெட்டுக்கு நாலு என்று ஆனபோது எதிர்ப்பக்கத்திலிருந்து கடைசிப் பந்து என் இடது பக்கம் உயரமாக வந்தது.

அதைப் பார்த்தேன். கன்னத்தில் பட்ட பிறகு இல்லை, வரும்போதே. யாரும் தட்டைத் திருப்பி வைக்கவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது, காலும் அதற்கு முன்னால் பின்னால் என்று பிரச்சினை செய்யாமல் கூடவே நகர்ந்தது. அடித்தேன். பந்து வலையைத் தாண்டிப் போயிற்று. எதிரி அதை உடனே திருப்பி அடித்து எங்கள் நடுவில் இறக்கிவிட்டான். ஆட்டம் முடிந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

அம்பயர் எண்ண ஆரம்பித்தார். ஒன்றிலிருந்து இருபத்தொன்பது வரை. பத்து வரை கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. பதினைந்தில் அது நின்றது. இருபதில் ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். சூப்பரிண்டெண்ட் எழுந்து நின்றிருந்தார்; ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. இருபத்தொன்பது வந்தது.

சூப்பரிண்டெண்ட் என்னிடம் வந்து தோளைத் தொட்டார். "எதுக்குய்யா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நம்ம செக்‌ஷன்ல என்ன ஓடவா சொல்றோம்? உங்களுக்குக் கையெழுத்து வருதில்ல? திங்கட்கிழமை வந்து உக்காருங்க" என்றார். மச்சான் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. டீச்சரைத் தேடிப் போனேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தப்புதான், மன்னிச்சுக்குங்க. ஆனா கடைசிப் பந்தைப் பாத்தீங்கல்ல? இடது பக்கம்! நானே திரும்பி எடுத்தேன்!"

டீச்சர் வலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அது வெளிய போற பந்து சார். அத ஏன் தொட்டீங்க?"